மீனைக் கடைசியா வாங்குடா பேராண்டி

வாடா பேராண்டி, உக்காரு. கண்ணாடித் தொட்டி வாங்கியாச்சுன்னு உன் பாட்டி சொன்னா. அடியில பரப்புற மண்ணு ஜப்பான்லேருந்து வருதுன்னும் சொன்னா. ரொம்ப சந்தோஷம். வடக்கே கொள்ளிடம், தெக்கே காவேரி, நடுவுல நம்ம ஸ்ரீரங்கம். ரெண்டு ஆறும் கொண்டாந்து போட்ட வண்டல் மேலதான் ஊரே உக்காந்திருக்கு. இந்த ஊர்ல பொறந்துட்டு, ஒரு கூடை மண்ணுக்கு ஜப்பானுக்குப் பணம் கட்டியிருக்கேன்னா அது சாதாரண சாமர்த்தியம் இல்லை. உங்கப்பனுக்கு இந்தத் துணிச்சல் கிடையாது. அவன் மண்ணை வித்தான், நீ மண்ணை வாங்குறே. குடும்பம் முன்னேறுதுன்னுதான் வெச்சுக்கணும்.

மூஞ்சியைத் தூக்காதே. நான் கைநாட்டு, எனக்கு என்ன தெரியும்? உத்தமர்சீலிப் பக்கம் நாலு போகம் சேறு மிதிச்சவன், அவ்வளவுதான். ஆனா காது நல்லாக் கேக்கும். வேளாண் கல்லூரிப் பசங்க வரப்புல நின்னு பேசுனதைக் கேட்டிருக்கேன். மிச்சத்தை உன் தங்கச்சி செல்போன்ல படிச்சுக் காட்டுறா. கேட்டதைச் சொல்றேன். பிடிச்சா எடுத்துக்க, பிடிக்கலேன்னா பையைப் பிரி.

அந்தப் பையைத்தான் திருப்பிக் காட்டேன். அமேசோனியா. சரிதான். பேரு அமேசான், மண்ணு ஜப்பான், காசு திருச்சிராப்பள்ளி. மூணு நாட்டு சமாச்சாரம் ஒரே பையில அடங்கிப் போச்சு.

அதைச் செஞ்ச மனுசனை நான் குறை சொல்லலை. தகாஷி அமானோன்னு பேரு. 1954-ல நீகாட்டாங்கற ஊர்ல பொறந்தவர். வாலிபத்துல பந்தய சைக்கிள் மிதிச்சுச் சம்பாதிச்சு, அப்புறம் பெரிய காமிராவைத் தூக்கிக்கிட்டு காடு காடாச் சுத்துனவர். 1982-ல கம்பெனி தொடங்கி, தொட்டிக்குள்ள காட்டையும் மலையையும் செடியால வளத்துக் காட்டுனார். 2015-ல கண்ணை மூடுறதுக்கு முன்னால, லிஸ்பன் ஊர்ல இருக்கிற மீன்காட்சி சாலையில 40 மீட்டர் நீளத்துல ஒரு தொட்டி அமைச்சுக் கொடுத்துட்டுப் போனார். அதுல 1,60,000 லிட்டர் தண்ணி. பெரிய ஆளு, சந்தேகமே இல்லை. ஆனா அவர் அவரோட நாட்டு மண்ணை எடுத்துத்தான் இந்தப் பைச் சரக்கைச் செஞ்சார். நீ அந்தப் பாடத்தை விட்டுட்டு பையை மட்டும் பிடிச்சுக்கிட்டே.

பையில இருக்கிறது என்ன? கறுப்பு மண்ணைச் சின்னச் சின்ன உருண்டையா உருட்டி, சூட்டுல காய வெச்சது. நல்ல பண்டம்தான். தண்ணியோட காரத்தன்மையைக் குறைக்கும், கடினத்தை உறிஞ்சும், முதல் சில வாரம் அம்மோனியாவைக் கக்கிக்கிட்டே இருக்கும். செடிக்கு அது தீனி, மீனுக்கு அது விஷம். அப்புறம் ஒரு வருசமோ ரெண்டு வருசமோ போனா உருண்டை உடைஞ்சு சேறாகும், உறிஞ்சுற வேலையும் நின்னு போகும். நம்ம போர்த்தண்ணியை ஊத்தினா அதுக்கு முன்னாலயே நிக்கும். உப்புத்தண்ணியில இருக்கிற பைகார்பனேட்டோட சண்டை போட்டே அந்த மண்ணு ஓய்ஞ்சிடும். அதுக்குச் சம்பளம் நீ கொடுத்தது, வேலை வாங்குறது போர் பைப்பு.

சரி, இவ்வளவு செலவு பண்ணி உள்ள என்ன மீனு விடப்போறே?

கப்பியா! நெனச்சேன். கடுந்தண்ணியும் காரத்தண்ணியும்தான் கப்பிக்கு உசிரு. கொசுப்புழுவைத் தின்னட்டும்னு கிணத்துலயும் சாக்கடையிலயும் விட்டு வளந்த சாதிடா அது. திருச்சி போர்த்தண்ணி கப்பிக்கு மாமியார் வீட்டு விருந்து. அந்தத் தண்ணியைப் பதமாக்குறேன்னு சொல்ற மண்ணைக் காசு கொடுத்து வாங்கி, பதமான தண்ணியை விரும்பாத மீனை அதுல விடுறே. உன் மேனேஜர் உன்னை எதுக்குச் சம்பளம் கொடுத்து வெச்சிருக்கான்னு இப்பத்தான் புரியுது.

உனக்கு எதிர்வீட்டுக்காரன் தேவலை. வாஸ்து மீனுன்னு ஒண்ணு, நெத்தியில பந்து வெச்ச மாதிரி, அதை வாங்கி வெச்சிருக்கான். அது அடியில என்ன போட்டாலும் வாயால தோண்டி மூலையில குவிக்கும், செடியைப் பிடுங்கி எறியும். அதுக்கு வெறும் கண்ணாடித் தரையே போதும். மண்ணுச் செலவு மிச்சம். அந்த அளவுக்கு வாஸ்து வேலை செஞ்சிருக்கு.

இப்பக் கொஞ்சம் நெசமாப் பேசுவோம். தொட்டிக்கு அடியில மண்ணு எதுக்கு? அழகுக்குன்னா ரோஸ் கலர் கல்லு போதும். செடி வளரணும்னா, சத்தைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு வேரு கேக்குறப்ப கொடுக்கிற சரக்கு வேணும். மீனு கழிக்குது, தீனி மிச்சம் அழுகுது, அதுலேருந்து அம்மோனியம் வருது. பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம், இரும்பு எல்லாம் தண்ணியில சுத்துது. இதெல்லாம் நேர்மின் ஏறின சரக்கு. களிமண் துகளுக்கு மேல எதிர்மின் இருக்கு. ரெண்டும் ஒட்டிக்கும். வேரு வந்து தன்கிட்ட இருக்கிற ஹைட்ரஜனைக் கொடுத்துட்டு சத்தை வாங்கிக்கும். பண்டமாற்று. இந்தப் பிடிப்புக்கு நேர்மின் அயனிப் பரிமாற்றத் திறன்னு கல்லூரியில பேரு. எங்க பாஷையில மண்ணுக்கு வெச்சுக் காப்பாத்துற குணம்.

அதுக்கு ஒரு கணக்கு வெச்சிருக்காங்க. 100 கிராம் மண்ணுக்கு எத்தனை மில்லி ஈக்விவலன்ட்னு அளப்பாங்க. ஆத்து மணலுக்கு ஏறக்குறைய சைபர். பானை வெள்ளையாச் சுடுற கயோலின் களிக்கு 3-லேருந்து 15. கரிசல்லயும் டெல்டா களியிலயும் இருக்கிற மான்ட்மோரில்லோனைட்டுக்கு 80-லேருந்து 120. வெர்மிகுலைட்டுக்கு 100-லேருந்து 150. மக்கிப்போன தழைக்கு அதுக்கும் மேல. இப்பச் சொல்லு, எந்த மண்ணு பணக்கார மண்ணு? விலைச்சீட்டைப் பாத்துச் சொல்லாதே, எண்ணைப் பாத்துச் சொல்லு.

வெர்மிகுலைட்டுன்னா வெளிநாட்டுச் சரக்குன்னு நெனச்சுக்காதே. திருப்பத்தூர் பக்கம் சேவத்தூர்ல டாமின், அதாவது தமிழ்நாடு கனிம நிறுவனம், தோண்டி எடுக்கிறது. அப்ரகத்தோட ஒறமுறை. சூடு காட்டினா பொரியும். நாற்றுப்பண்ணையில, மாடித்தோட்டத்துக்குன்னு பொட்டலம் போட்டு விக்கிறான். பொரிஞ்ச சரக்கு முதல்ல தண்ணியில மிதக்கும். நல்லா ஊறப்போட்டுக் கசக்கினா கீழே போகும். அதைத் தனியாப் போட்டா மேல மணல் மூடி வேணும், இல்லேன்னா தொட்டி பூராவும் ஜிகினா பறக்கும். உன் பாட்டி திருவிழான்னு நெனச்சுத் தேங்கா உடைப்பா.

அடுத்தது, தண்ணிக்கு அடியில மண்ணு என்ன ஆகுதுங்கற விஷயம். இதை நான் கல்லூரிக்குப் போகாமலே படிச்சேன், கால் விரல் இடுக்குல சேத்துப்புண்ணோட. உன் தொட்டி ஒரு நடவு வயல்டா. தண்ணி கட்டின வயல்ல என்ன நடக்குதோ அதேதான் அங்கேயும். தண்ணி நின்ன கொஞ்ச நேரத்துலயே மண்ணுக்குள்ள இருக்கிற ஆக்சிஜனை நுண்ணுயிர் தின்னு தீர்க்கும். அது தீர்ந்ததும் நைட்ரேட்டைப் பிடிக்கும், அப்புறம் மாங்கனீசு, அப்புறம் இரும்பு, கடைசியா சல்பேட்டு. பந்தியில வரிசையா உக்கார்ற மாதிரி முறை தவறாது. துருவாக் கிடந்த இரும்பு கரைஞ்சு வேருக்கு ஆகிற பக்குவத்துக்கு வரும். இரும்போட கட்டுண்டு கிடந்த மணிச்சத்தும் அவிழும். மேலே சில மில்லிமீட்டர் மட்டும் காத்தோட்டத்துல பழுப்பா இருக்கும், கீழே சாம்பல் கறுப்பு. சேத்துல கால் வெச்சு எடுத்தவனுக்கு இந்த ரெண்டு நிறமும் தெரியும்.

இதை முழுசா எழுதி வெச்ச ஆளு யாரு தெரியுமா? ஜெர்மன்காரனும் இல்லை, ஜப்பான்காரனும் இல்லை. இலங்கையில பொறந்த பொன்னம்பெரும. பிலிப்பைன்ஸ்ல இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துல மண் வேதியியல் பாத்தவர். 1972-ல நீரில் மூழ்கின மண்ணோட வேதியியல்னு ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். புளிப்பு மண்ணுல தண்ணி நின்னா புளிப்பு குறையும், கார மண்ணுல நின்னா காரம் குறையும், சில வாரத்துல ரெண்டும் பி.எச். ஏழுக்குப் பக்கத்துல வந்து சேரும்னு காட்டுனவர் அவர். நெல்லுக்காகச் செஞ்ச வேலை. ஆனா தண்ணியும் மண்ணும் மேலே நிக்கிறது நெல்லா, வேலம்பாசியான்னு பாக்குமா?

1999-ல அமெரிக்காவுல டயானா வால்ஸ்டட்ங்கற அம்மா ஒரு புத்தகம் போட்டுச்சு. சாதாரணத் தோட்டத்து மண்ணைப் போடு, மேலே சரளை மூடு, செடியை நெருக்கி நடு, மிச்சத்தைச் செடியும் நுண்ணுயிரும் பாத்துக்கும்னு. உலகம் பூரா மீன் வளக்கிறவங்க ஆச்சரியப்பட்டுப் போயிட்டாங்க. நம்ம ஏரியில கொட்டிக்கிழங்கும் ஆம்பலும் அந்தப் புத்தகத்தைப் படிக்காமலே வளர்றதைப் பாத்தா எவ்வளவு ஆச்சரியப்படுவாங்களோ. மீன் கடையில அப்போனோஜெட்டான்னு வாய்க்குள்ள நுழையாத பேர்ல ஒரு கிழங்கு விக்கிறான் பாரு, அது நம்ம கொட்டிக்கு அக்கா தங்கச்சி. டிசைன் பையில போட்டதும் உனக்கு அடையாளம் தெரியலை.

இன்னொண்ணும் கேளு. செம்பாறாங்கல் இருக்குல்ல, லேட்டரைட்டு. 1980-கள்ல ஜெர்மன்காரங்க அதைத் தூளாக்கி, தொட்டிக்கு அடியில சூட்டுக் கம்பியோட போட்டு, இதுதான் செடிக்கு இரும்புன்னு வித்தாங்க. அந்தக் கல்லுக்கு லேட்டரைட்டுன்னு பேர் வெச்சவர் பிரான்சிஸ் புக்கானன். சென்னையிலேருந்து மைசூர், கன்னடம், மலபார்னு பயணம் போய், 1807-ல அச்சிட்ட புத்தகத்துல எழுதினார். அதே ஆளு 1822-ல கங்கை மீன்களைப் பத்தியும் புத்தகம் போட்டார். உன் கடைக்காரன் ஜீப்ரா மீனுன்னு விக்கிறானே, அதுக்கு முதல்ல எழுத்துல ஜாதகம் எழுதுனவரும் அவர்தான். மீனும் நம்ம நாட்டுது, கல்லும் நம்ம நாட்டுது. ரெண்டும் கப்பல் ஏறிப் போய், ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டுத் திரும்பி வந்ததும் நீ ஏர்போர்ட்டுக்கு மாலையோட போய் நிக்கிறே. ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்க. லேட்டரைட்டுல இரும்பு ஏராளம், வெச்சுக் காப்பாத்துற குணம் கம்மி. அது மட்டும் போட்டு விட்டா பட்டினிதான்.

சரி தாத்தா, நம்ம ஊர் மண்ணையே போட்டுடறேன், கொள்ளிடத்துல ஒரு மூட்டை அள்ளிட்டு வந்துடறேன்னு கிளம்பாதே. அங்கேதான் அடுத்த முட்டாள்தனம் ஆரம்பிக்குது. ஆத்து மணலை அனுமதி இல்லாம அள்ளுறது குத்தம். அள்ளி அள்ளி ஆறு எப்படி இருக்குன்னு பாத்தேல்ல? 2018 ஆகஸ்ட்ல வெள்ளம் வந்தப்ப, 1928-ல கட்டின பழைய கொள்ளிடம் பாலம் தூண் சாஞ்சு விழுந்துச்சு. அதே மாசம் 22-ந் தேதி முக்கொம்புல, ஆர்தர் காட்டன் காலத்து மேலணையில ஒன்பது மதகு அடிச்சுக்கிட்டுப் போச்சு. லாரி லாரியாப் போன மணலைப் பத்திக் கேள்வி கேக்காத ஊரு, உன் ஒரு சாக்கைப் பிடிச்சு வெச்சுக் கேள்வி கேக்கும். அதுக்கும் மேல, மணல்ல சத்து கிடையாதுன்னு இப்பத்தானே சொன்னேன். அது மூடிதான், சோறு இல்லை. வாட்டர் ஃபில்டருக்குப் போடுற மணல்னு கடையில கேட்டு வாங்கு. ஒண்ணு, ரெண்டு மில்லிமீட்டர் பருமன் போதும்.

எம்-சாண்ட் போடலாமான்னு கேப்பே. கருங்கல்லை உடைச்ச தூளு, தண்ணியைக் கெடுக்காது. ஆனா முனை கூரா இருக்கும். அயிரை மாதிரி மீனு விட்டேன்னா, அது மணலை வாயால சலிச்சுத் தின்னும், பயந்தா உள்ளே புதைஞ்சுக்கும். கூர்க்கல்லுல மீசையை அறுத்துக்கும். மதுரைக்காரன் அயிரையைக் குழம்பு வைக்கிறான், அதுகூட ஒரு நிமிசத் துன்பம்.

கல்லு பொறுக்குறதுலயும் சூதானம் வேணும். நம்ம ஊருக்கு வடகிழக்கே ஊட்டத்தூர், காரை, கருடமங்கலம், அரியலூர்னு போனா, பத்துக் கோடி வருசத்துக்கு முன்னால அதெல்லாம் கடல். சிப்பியும் அம்மோனைட்டுச் சுருளும் கல்லாக் கிடக்கும். பிளான்ஃபோர்டுங்கற வெள்ளைக்காரர் 1862-லயே அந்தப் பாறையை அளந்து எழுதி வெச்சிருக்கார். கல்லக்குடியில டால்மியாபுரம் சிமெண்ட் ஆலை 1939-ல வந்ததும் அந்தச் சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான். அந்தப் பக்கத்துக் கல்லு பாக்க அழகா இருக்கும். தொட்டியில போட்டா மெல்லக் கரைஞ்சு தண்ணியைக் கடினமாக்கிக்கிட்டே இருக்கும். சாளக்கிராமத்துக்குள்ள இருக்கிற சுருளும் அம்மோனைட்டுதான். அதை நம்ம ஊர்ல பூசையில வைப்பாங்க. நீ மீனுக்கு அடியில வெச்சா உன் பாட்டி உன்னை எங்கே வைப்பாங்கறது எனக்குத் தெரியாது. புதைபடிவத்தைக் கிடக்கிற இடத்துலயே விட்டுட்டு வா.

எந்தக் கல்லா இருந்தாலும், மணலா இருந்தாலும், மேல வினிகர் ரெண்டு சொட்டு விடு. நுரை பொங்கினா சுண்ணாம்பு. சும்மா கிடந்தா தொட்டிக்கு ஆகும். பெரம்பலூர்க் கரிசலுக்கும் இதே சோதனை வை. பிடிச்சு வைக்கிற குணத்துல அது ராஜா, ஆனா உள்ளே சுண்ணாம்புக் கட்டி ஒளிஞ்சிருக்கும்.

மணிகண்டம் பக்கத்து மண்ணு வேண்டவே வேண்டாம். அது களர். நாவலூர் குட்டப்பட்டுல வேளாண் கல்லூரி இருக்கே, அங்கே படிப்புல பாதி களரோட மல்லுக்கட்டுறதுதான். அதுக்குன்னே திருச்சி 1, திருச்சி 3-ன்னு நெல்லு ரகம் கண்டுபிடிச்சாங்க. களர் மண்ணுல சோடியம் ஜாஸ்தி. களித்துகள் ஒண்ணோட ஒண்ணு சேராது, தண்ணியில பால் மாதிரி கலங்கியே நிக்கும். உன் மீனை நீ பொங்கலுக்குத்தான் பாப்பே. ஜிப்சம் போட்டுச் சரிபண்றேன்னு கெட்டிக்காரத்தனம் பண்ணாதே. வயல்ல அது மருந்து, வடிகால் இருக்கு. தொட்டியில வடிகால் ஏது? ஜிப்சத்துல இருக்கிற சல்பேட்டைக் காத்தில்லாத மண்ணு ஹைட்ரஜன் சல்ஃபைடா மாத்தும். அழுகின முட்டை நாத்தம். கூடத்துல உக்காந்து யாரைப் பாத்து யார் மூக்கைப் பொத்துறதுன்னு ஒரு வழக்கு வரும்.

தண்ணிக்கும் ஒரு வார்த்தை. கம்பரசம்பேட்டையிலேருந்து வர்ற காவேரித் தண்ணி மிதமானது. ஒரு நாள் வாளியில திறந்து வெச்சா குளோரின் போயிடும். அதை விட்டுட்டு சில பேரு ஆர்.ஓ. மெஷின்ல மினரலை எல்லாம் காசு கொடுத்து எடுப்பாங்க. அப்புறம் அந்தத் தண்ணியில மினரல் இல்லைன்னு பாட்டில்ல மினரல் வாங்கி ஊத்துவாங்க. நாட்டுல வேலை இல்லாத் திண்டாட்டம்னு யாரு சொன்னது?

இனி செய்முறை. அறுவடை முடிஞ்சு கோடையில தரிசாக் கிடக்கிற வயல்ல மேல்மண்ணு ஒரு கூடை எடு. நம்ம வயலே இருக்கு, உங்கப்பன் வித்தது போக மிச்சம். சமீபத்துல யூரியா, டிஏபி, களைக்கொல்லி, பூச்சிமருந்து படாத மூலையாப் பாத்து எடு. மண்வள அட்டைக்கு மண்ணு கொடுக்கிற மாதிரி மண் பரிசோதனை நிலையத்துல கொஞ்சம் கொடுத்தா காரமா, உப்பான்னு சொல்லிடுவாங்க. வேர், தாள், கல்லு பொறுக்கிடு.

அண்டாவுல போட்டுத் தண்ணி ஊத்திக் கலக்கு. மிதக்கிறதை வடிச்சுக் கொட்டு. ஓரிரு நாள் ஊற விட்டுத் தண்ணியை இறுத்துட்டு, மொட்டை மாடியில தார்ப்பாய் விரிச்சுக் காயப்போடு. திருச்சி வெயிலு வேற எதுக்குடா இருக்கு? பங்குனி சித்திரையில ரெண்டு நாளுல தூளாக் காயும். மறுபடி ஊற வை, மறுபடி காய வை. மூணு நாலு முறை பண்ணு. இப்படி நனைச்சுக் காய வெச்சா, மண்ணுல பாதி அழுகிக் கிடக்கிற தழையெல்லாம் நுண்ணுயிர் தின்னு மக்கிடும். அம்மோனியாவாக் கக்க வேண்டியதெல்லாம் வெளியிலேயே தீர்ந்து, தாதுச்சத்து தங்கும். வெளிநாட்டுல இதுக்கு தாதுவாக்கின மேல்மண்ணுன்னு பேர் வெச்சு வாரக்கணக்குல பேசுறான். மண்ணுக்கு எப்பத் தண்ணி ஆகும், எப்ப ஆகாதுங்கறதை ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பெரிய பெருமாளே சுதைத் திருமேனி. மூலவருக்குத் திருமஞ்சனம் கிடையாது, தைலக்காப்புதான்.

காஞ்ச மண்ணைச் சல்லடையில சலி. பத்துக்கு ஒரு பங்கு நல்ல களிமண்ணு சேத்துக்க, செம்மண்ணு ஒரு பிடி இரும்புக்கு. தண்ணி ரொம்பப் பதமா இருந்தா டாலமைட்டுத் தூளு ஒரு சிட்டிகை, போர்த்தண்ணின்னா அதுவும் வேண்டாம். சேறாப் பிசைஞ்சு ஒரு அங்குலம் பரப்பு. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்லி வெச்சது இதுக்குத்தான். கனம் கூடினா அடியில காத்தில்லாம அழுகும். முன்பக்கக் கண்ணாடியை ஒட்டி மண்ணு வேண்டாம், மணலே இருக்கட்டும். மேலே ஒரு அங்குலம் மணல் மூடு. ஒரு தட்டை வெச்சு, அந்தத் தட்டு மேல தண்ணியை மெதுவா விடு. வாளியோட கவுத்தேன்னா உனக்கு ஆடிப்பெருக்குதான், புதுத்தண்ணி நிறத்துல.

செடியை முதல் நாளே நெருக்கி நடு. நாலு செடி நட்டுட்டு மிச்சம் தானா வரும்னு கையைக் கட்டாதே. இடைவெளியிலே பாசி வரும், உன்னைக் கேக்காது. நெல்லு வேரைப் பிடுங்கிப் பாத்திருக்கியா? பழுப்புத் துரு பூசியிருக்கும். வேரு தன் வழியா ஆக்சிஜனைக் கீழே கசிய விடுறதால வர்ற துரு அது. நீர்ச்செடி நிறைய அதே வேலையைச் செய்யும். செடி அடர்ந்திருந்தா மண்ணு கெடாது. ஆரம்பத்துல குமிழி வரும், பயப்படாதே. அப்பப்ப ஈர்க்குச்சியால அங்கங்கே குத்தி விடு. மணலுக்குள்ள நுழைஞ்சு திரியுற ஊசி நத்தை நாலு கிடைச்சா விடு. அது சம்பளம் இல்லாத உழவு மாடு.

இப்ப வருது உனக்குக் கஷ்டமான பகுதி. சும்மா இரு.

வயல்ல கொழிஞ்சியோ தக்கைப்பூண்டோ மிதிச்சு விட்டதும் அன்னைக்கே நாத்து நடுவோமா? அழுக விட்டுத்தான் நடுவோம். தொட்டிக்கு அதைவிட நாள் வேணும். அம்மோனியாவை நைட்ரைட்டாக்க ஒரு நுண்ணுயிர், நைட்ரைட்டை நைட்ரேட்டாக்க இன்னொண்ணு. ரெண்டும் குடியேறிப் பெருகச் சில வாரம் ஆகும். அதுக்குள்ள மீனை விட்டா, தினம் ஒரு இறுதி யாத்திரை. நம்ம ஊர் வெயில்ல இது இன்னும் மோசம். 30 டிகிரி சூட்டுல, தண்ணியோட பி.எச். ஏழுல இருந்தா மொத்த அம்மோனியாவுல நூத்துல ஒரு பங்குக்கும் கீழேதான் விஷ உருவத்துல இருக்கும். எட்டுக்குப் போனா நூத்துல ஏழு பங்கு. போர்த்தண்ணி எட்டுக்குப் பக்கத்துலதான் நிக்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சைபர்னு சோதனைக் குப்பி காட்டுற வரைக்கும் மீன் கடைத் தெருவுல நடக்காதே. கண்ணு கெட்டது, காலு அந்தப் பக்கம் போகும்.

நீ இதுவரை எப்படிப் பண்ணியிருக்கே? முதல்ல மீனு பிடிச்சுது. மீனுக்குத் தொட்டி, தொட்டிக்கு விளக்கு, விளக்குக்குச் செடி, செடி வாடினதும் மண்ணு. தலைகீழா நடந்திருக்கே. மண்ணு, தண்ணி, செடி, சும்மா இருக்கிறது, அப்புறம் மீனு. வரிசை இதுதான். பை எந்த நாட்டுதா இருந்தாலும் வரிசை மாறினா மீனு சாகும், வரிசை சரியா இருந்தா வயல் மண்ணே போதும். விலை கொடுத்தா உருட்டின மண்ணு கிடைக்கும், கழிஞ்ச நாளு கிடைக்காது. அதை எந்தக் கம்பெனியும் இன்னும் பையில போடலை. போட்டா முதல்ல வாங்குறவன் நீதான்.

இவ்வளவும் கேட்டுட்டு, தாத்தா பழைய ஆளு, ஜப்பான் மண்ணுலதான் போட்டோ நல்லா வரும்னு உனக்குத் தோணும். தோணட்டும், தாராளமாப் போடு. நான் குறுக்கே நிக்கலை. ஒரே ஒரு ஒத்தாசை. ரெண்டு வருசத்துல அந்த உருண்டை எல்லாம் நைஞ்சு, தொட்டிக்கு உதவாதுன்னு அள்ளிக் கொட்டுவே பாரு, அன்னைக்குக் குப்பை வண்டியைக் கூப்பிடாதே, என்னைக் கூப்பிடு. மீனு கழிச்சதெல்லாம் ஊறின மண்ணு, பூச்செடிக்கு அதைவிட உரம் கிடையாது. உன் பாட்டியோட ரோஜாத் தொட்டி மாடியில காலியா நிக்குது. அதனால, வாங்கினதுதான் வாங்கினே, இன்னொரு பெரிய பையும் வாங்கு.